எரிந்த கோளும் எஞ்சிய கப்பல்களும்: ஹோம்வேர்ல்ட் தொடரில் கதையும் ஆட்டமும்

வியூக விளையாட்டில் கதையை எங்கே வைப்பது? 1990களில் வந்த பெரும்பாலான ஆட்டங்கள் இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் வைத்திருந்தன: இரண்டு மிஷன்களுக்கு நடுவில். வெஸ்ட்வுட் நிறுவனம் உருவாக்கி 1992இல் வந்த டியூன் 2 போட்ட பாதை அது. அதிகாரி ஒருவர் திரையில் தோன்றி நிலவரம் சொல்வார். பிறகு வரைபடத்தின் ஒரு மூலையில் தளம் கட்டி, வளம் சேர்த்து, படை திரட்டி, எதிரியின் தளத்தைத் தரைமட்டமாக்க வேண்டும். வென்றதும் மறுபடி அதிகாரி, மறுபடி வெறும் தரை. 1995இல் வந்த கமாண்ட் அண்ட் கான்கர் அந்த அதிகாரியின் இடத்தில் நிஜ நடிகர்களைப் படம்பிடித்துக் காட்டியது. 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் மூன்று இனங்களின் கதையை 30 மிஷன்களில் விரித்தது. அதில் சாரா கெரிகனை அவளுடைய தலைவனே போர்க்களத்தில் கைவிட்டுப் போகும் இடத்தை ஆடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கேயும் ஏற்பாடு பழையதுதான். அடுத்த மிஷனில் படையைப் புதிதாகத்தான் கட்டுவோம். கெரிகன் போன துயரம் கதையில் இருக்கும். நம் படையின் அளவில் அதன் தடம் இருக்காது.

கனடாவின் வான்கூவர் நகரில் 1997இல் தொடங்கப்பட்ட ரெலிக் நிறுவனம் 1999 செப்டம்பரில் தன் முதல் ஆட்டத்தைக் கொண்டுவந்தது. சியரா வெளியிட்ட அந்த ஹோம்வேர்ல்ட் பழைய ஏற்பாட்டை ஒரே விதியால் மாற்றியது. ஒரு மிஷன் முடியும்போது எத்தனை கப்பல்கள் மிஞ்சுகின்றனவோ அவற்றோடுதான் அடுத்த மிஷனுக்குள் நுழைய முடியும். கைவசம் உள்ள வளமும் அப்படியே கூட வரும். இழந்த கப்பல் திரும்பாது. வேறொன்று கட்ட வேண்டுமானால் சேர்த்து வைத்த வளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதல் ஆட்டம் வந்த 1999 முதல் 2024 வரையிலான 25 ஆண்டுகளில் இந்தத் தொடரில் ஐந்து முக்கிய ஆட்டங்கள் வந்திருக்கின்றன. உருவாக்கிய நிறுவனங்களும் வெளியிட்ட நிறுவனங்களும் மாறின. கதை ஒரு நூற்றாண்டு பின்னால் போனது, ஒரு நூற்றாண்டு முன்னாலும் போனது. ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. இந்தத் தொடரின் கதை நெஞ்சைத் தொடும் இடங்களில் எல்லாம் அந்த ஒற்றை விதி வேலை செய்துகொண்டிருக்கிறது. கதை தொய்யும் இடங்களில் அது விதியை விட்டு விலகி, வசனத்தையும் காட்சியையும் மட்டும் நம்பியிருக்கிறது.

அகதிகளின் கணக்கு

காரக் என்பது முக்கால்வாசியும் பாலைவனமான ஒரு கோள். அங்கே வாழும் மக்கள் குலம் குலமாகப் பிரிந்து கிடந்தவர்கள். பெரும் பாலைவனத்தின் மணலுக்கடியில் ஒரு பழைய விண்கலம் அகப்படுகிறது. அதற்குள் இருந்த கல்லில் விண்மீன் மண்டலத்தின் வரைபடமும், தங்கள் முன்னோரின் தாயகமான ஹீகராவின் இடமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தாங்கள் இந்த மண்ணில் தோன்றியவர்கள் இல்லை என்று அந்த மக்களுக்கு அப்போதுதான் தெரிகிறது. குலங்கள் ஒன்றுகூடி 60 ஆண்டுகள் உழைத்து ஒரு தாய்க்கப்பலைக் கட்டுகின்றன. 6 லட்சம் பேர் உறைநிலையில் உறங்கியபடி அதில் பயணம் போவதாகத் திட்டம். அவ்வளவு பெரிய கப்பலை இயக்க வழக்கமான மாலுமிக் குழு போதாது என்பதால், கரான் ஸ்ஜெட் என்ற நரம்பியல் விஞ்ஞானி தன்னையே கப்பலோடு இணைத்துக்கொள்கிறாள். ஆட்டம் முழுவதும் நாம் கேட்கும் நிதானமான குரல் அவளுடையது.

இந்தக் கதைக்கு ஏற்றபடியே ஆட்டம் அமைந்திருக்கிறது. தளம் கட்டத் தரையே கிடையாது. தாய்க்கப்பல்தான் தொழிற்சாலை, கிடங்கு, வீடு எல்லாம். அது அழிந்தால் ஆட்டம் முடிந்தது. விண்கற்களிலிருந்தும் தூசி மேகங்களிலிருந்தும் சேகரிப்புக் கப்பல்கள் வளம் கொண்டுவரும். ஒவ்வொரு மிஷனிலும் கிடைக்கும் வளத்துக்கு அளவு உண்டு, அதை வாரி எடுத்துவிட்டால் வேறு வழியில்லை. மேலும் கீழும் பக்கவாட்டிலும் திறந்து கிடக்கும் முழு முப்பரிமாண வெளியில் போர் நடக்கிறது. ஒதுங்கி நிற்க ஒரு மலையோ ஆறோ கிடையாது. அந்த வெறுமையில் நமக்கென்று இருப்பது கப்பல்கள் மட்டுமே.

தொடரும் படை என்ற விதி ஆடுபவரின் பழக்கங்களை மாற்றிவிடுகிறது. மற்ற வியூக ஆட்டங்களில் மிஷன் முடியும் தறுவாயில் படையின் மதிப்பு பூஜ்யமாகிவிடும். மிச்சம் வைத்துப் பயனில்லை என்பதால் அத்தனையையும் எதிரித் தளத்தின் மேல் ஏவிவிடுவோம். ஹோம்வேர்ல்டில் அப்படிச் செய்ய மனம் வராது. சேதமான ஃபிரிகேட்டைப் பின்னால் இழுத்துப் பழுது பார்ப்போம். எரிபொருள் தீரும் முன் சிறு போர்க்கலங்களைத் திரும்ப அழைப்போம். போர் ஓய்ந்து, குறிக்கோள்கள் முடிந்து, ஹைப்பர்ஸ்பேஸ் பாய்ச்சலுக்கு எல்லாம் தயாராக இருந்தாலும் உடனே கிளம்ப மாட்டோம். கடைசி விண்கல்லையும் சுரண்டி முடிக்கும்வரை சேகரிப்புக் கப்பல்களுக்காகக் காத்திருப்போம். எங்கே அடுத்த வேளை கிடைக்கும் என்று தெரியாத கூட்டம் கிடைத்த இடத்தில் கிடைத்ததை அள்ளிக்கொள்வது போன்ற காத்திருப்பு அது. இப்படிச் செய் என்று கதை எங்கும் சொல்லவில்லை. விதி செய்ய வைக்கிறது. அகதியின் மனநிலை வசனமாக எழுதப்படாமலே ஆடுபவரின் கைக்கு வந்துவிடுகிறது.

காரக் திரும்புதல்

தொடரின் மிகப் புகழ்பெற்ற மிஷன் முதல் ஆட்டத்தின் மூன்றாவது மிஷன். அதன் பலத்தைப் புரிந்துகொள்ள முதல் இரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் மிஷன் வெறும் ஒத்திகை. காரக்கின் சுற்றுப்பாதையில் தாய்க்கப்பல் மிதக்கிறது. வளம் சேகரிப்பது, அணிவகுப்பது, இலக்கைச் சுடுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறோம். மீட்புக் கலங்களை அனுப்பி, ஓட்டமில்லாத ஒரு பயிற்சிக் கலத்தைக் கட்டி இழுத்து வருவதும் அந்தப் பாடத்தில் ஒன்று. இரண்டாவது மிஷனில், முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்த கார்-செலிம் என்ற ஆய்வுக்கப்பலைச் சந்திக்கப் போகிறோம். அது சிதைந்து கிடக்கிறது. கொள்ளையர் தாக்குகிறார்கள். தாக்குப்பிடித்து ஊர் திரும்புகிறோம்.

திரும்பும்போது காரக் எரிந்துகொண்டிருக்கிறது. வளிமண்டலமே தீப்பற்றியிருக்கிறது. சாமுவேல் பார்பரின் புகழ்பெற்ற தந்தி இசைக்கோவையின் பாடகர் குழு வடிவம் பின்னணியில் ஒலிக்கிறது. கோளிலிருந்து எந்தத் தகவலும் இல்லை என்பதைக் கட்டளைக் குரல்கள் அலறாமல், அழாமல் அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்கின்றன. சிறிய அறிமுகக் காட்சி முடிந்ததும் கேமரா நம் கைக்கு வந்துவிடும். இந்த இடத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் ஒரு நீண்ட காட்சியை ஓடவிட்டு நம்மைப் பார்வையாளராக உட்கார வைத்திருக்கும். ஹோம்வேர்ல்ட் ஒரு வேலையைக் கொடுக்கிறது. சுற்றுப்பாதையில் இன்னும் சில உறைபேழைத் தொகுதிகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பகைக் கப்பல்கள் சுட்டுக்கொண்டிருக்கின்றன. காப்பாற்று.

துயரப்படக்கூட நேரமில்லை. முதலில் எதிரிகளின் கவனத்தைத் தொகுதிகளிலிருந்து திருப்ப வேண்டும். அதற்குக் கையில் இருப்பது முதல் இரண்டு மிஷன்களில் நாம் கட்டிக் காப்பாற்றிவந்த படை மட்டுமே. அதன் பிறகு தொகுதிகளை ஒவ்வொன்றாக இழுத்து வர மீட்புக் கலங்களை அனுப்புகிறோம். முதல் மிஷனில் பயிற்சிக் கலத்தை இழுக்கக் கொடுத்த அதே கட்டளை, அதே கலங்கள். ஒத்திகையில் விளையாட்டாகப் பழகிய செயல் ஓர் இனத்தின் எஞ்சிய உயிர்களைக் கரைசேர்க்கும் செயலாக மாறுகிறது. சொடுக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. மனத்துக்குத் தெரியும்.

அதே மிஷனில் அதே கருவிக்கு இன்னொரு பயனும் வருகிறது. பகைக் கப்பல் ஒன்றை அழிக்காமல் பிடித்துக் கொண்டுவரும்படி உத்தரவு. நம்மவரை மீட்ட கலங்களே எதிரியையும் கட்டி இழுத்து வருகின்றன. பிடிபட்ட கைதியிடமிருந்து, இந்த மக்கள் ஹைப்பர்ஸ்பேஸ் தொழில்நுட்பத்தை மறுபடி தொடக்கூடாது என்று 4,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்தம் விதிக்கப்பட்டிருந்ததும், அதை மீறியதற்கே காரக் எரிக்கப்பட்டதும் தெரியவருகின்றன. விசாரணையில் கைதி உயிர்பிழைக்கவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஆட்டம் நகர்ந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர்களின் கையும் அந்த நொடியில் கறைபடுகிறது. இதை விளக்கி ஒரு வரிகூட இல்லை என்பதால்தான் அது ஆடியவர் மனத்தில் தங்குகிறது.

படையே பயண ஏடு

இதற்குப் பின் வரும் 13 மிஷன்கள் ஹீகரா நோக்கிய நெடும்பயணம். தொடரும் படை என்ற விதி அப்போது இன்னொரு பொருளும் பெறுகிறது. மீட்புக் கலங்களால் பிடித்த எதிரிக் கப்பல்கள் நம் அணியில் சேர்கின்றன. நெபுலா ஒன்றில் காதேஷ் மக்களைச் சந்திக்கிறோம். அந்த மேகத்தைப் புனிதமாகக் கருதி, உள்ளே வரும் யாரையும் வெளியே விடாத மக்கள் அவர்கள். அவர்களுடைய சிறு கலங்கள் கூட்டம் கூட்டமாக மொய்க்கும், ஆனால் எரிபொருள் விரைவில் தீர்ந்து தங்கள் எரிபொருள் கலங்களிடம் திரும்பியாக வேண்டும். வேட்டையாட வேண்டியது கூட்டத்தைக் காட்டிலும் அந்த எரிபொருள் கலங்களைத்தான் என்பதைக் கண்டுபிடிப்பதே போரின் திறவுகோல். போர் முடிந்த பிறகுதான் தெரிகிறது, நம் முன்னோர் வந்த அதே பெரும் பயணத்தில் வழிதவறித் தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள் என்பது. நம் உறவினரோடுதான் போரிட்டிருக்கிறோம்.

அந்த நெபுலாவைவிட்டு வெளியேறும்போது பல ஆட்டக்காரர்களின் படையில் சில காதேஷ் ஃபிரிகேட்டுகள் இருக்கும். கடைசிப் போர் வரை அவை கூடவே வரும். காரக்கை எரித்த தைதான் பேரரசிடமிருந்து பிடித்த கப்பல்கள் வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் பக்கத்தில் பறக்கும். ‘பிரிட்ஜ் ஆஃப் சைஸ்’ என்ற பிந்தைய மிஷனில் எதிரியின் அயன் பீரங்கி ஃபிரிகேட்டுகள் கோள வடிவில் சூழ்ந்து காவல் நிற்கும். பொறுமையுள்ளவர்கள் அந்தச் சுவரையே ஒவ்வொரு செங்கல்லாகக் கழற்றித் தங்கள் படையில் சேர்த்துக்கொள்வார்கள். ஹீகராவின் வானத்தில் வந்து நிற்கும் படையைப் பார்த்தாலே எங்கே யாரை எதிர்த்தோம், எவற்றைக் கைப்பற்றினோம், எங்கே பலவீனப்பட்டோம் என்பதெல்லாம் தெரியும். இரண்டு பேர் ஆடிய படைகள் ஒன்றுபோல இருக்காது. எழுதப்பட்ட கதை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவரும் ஊர் சேர்ந்த விதம் வேறு.

மிஷன்களை வரிசைப்படுத்தியவர்களும் இந்த விதியை நன்றாகவே பயன்படுத்தினார்கள். ஒன்பதாவது மிஷனில் ஒரு பேய்க்கப்பல், அருகில் வரும் பெருங்கப்பல்களைத் தன்வசப்படுத்திவிடும். சிறு போர்க்கலங்களால்தான் அதை அணுக முடியும். அடுத்த மிஷனில் கதிரியக்கம் நிறைந்த வெளி, தூசி மேகத்தின் மறைவுக்கு வெளியே சிறு கலங்கள் கருகிப்போகும். அங்கே பெருங்கப்பல்களே துணை. ஒன்றை மட்டும் நம்பி வளர்த்தவர் இரண்டில் ஓரிடத்திலாவது விலை கொடுப்பார். ஒவ்வொரு மிஷனிலும் படை புதிதாகத் தொடங்கியிருந்தால் இவை தனித்தனிப் புதிர்களாகவே நின்றிருக்கும். படை தொடர்வதால் ஒரே பயணத்தின் அடுத்தடுத்த சோதனைகளாகின்றன.

தன் படையே பகையானால்

2000 செப்டம்பரில் பார்க்கிங் டாக் நிறுவனம் உருவாக்கிய ஹோம்வேர்ல்ட்: கேட்டக்ளிசம் வந்தது. முதல் கதைக்கு 15 ஆண்டுகளுக்குப் பின் நடக்கும் கதை. இப்போது நம் கையில் இருப்பது கூன்-லான் என்ற சுரங்கக் கப்பல். சோம்தாவ் என்ற சிறிய குலத்துக்குச் சொந்தமானது. பெருங்குலங்களின் போர்க்கப்பல்களுக்கு முன் அதற்கு மதிப்பு கிடையாது.

விண்வெளியில் கிடைத்த ஒரு மர்மப் பொருளை ஆராய்ச்சிக்காகக் கப்பலுக்குள் கொண்டுவருகிறார்கள். இயந்திரத்தையும் மனித உடலையும் ஒன்றாகப் பிசைந்து தன்வசமாக்கும் ஒரு தொற்று அதிலிருந்து கிளம்புகிறது. அதன் பெயர் பீஸ்ட். தொற்றிய பகுதியை, உள்ளே இருந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கழற்றி எறிந்தே கூன்-லான் தப்புகிறது. எறியப்பட்ட அந்தத் துண்டே பின்னால் எதிரியின் தாய்க்கப்பலாக வளர்ந்து வருகிறது.

முதல் ஆட்டத்தில் நாம் எதிரிக் கப்பல்களைப் பிடித்தோம். இங்கே எதிரி நம் கப்பல்களைப் பிடிக்கிறான். தொற்றுக் கதிர் பட்ட கப்பல் ஒரு நொடியில் நிறம் மாறி நம்மைச் சுடத் தொடங்கும். மிஷன் மிஷனாகக் காப்பாற்றி வளர்த்த படைதான் எதிரியின் ஆயுதக் கிடங்கு. பெருங்கப்பலை முன்னால் அனுப்பத் தயக்கம் வருகிறது, ஏனென்றால் அதை இழப்பது மட்டும் இழப்பு இல்லை, எதிரிக்கு ஒன்று கூடுகிறது. தொடரும் படை என்ற விதியின் மறுபக்கத்தைப் புரட்டி, அதிலிருந்தே திகில் கதையைச் செய்திருக்கிறார்கள். தலைப்பைப் பற்றிய வணிகமுத்திரைச் சிக்கலால் 2017இல் ‘ஹோம்வேர்ல்ட்: எமர்ஜென்ஸ்’ என்ற பெயரில் மறுவெளியீடு கண்ட இந்த ஆட்டம் தொடரில் அதிகம் பேசப்படாதது. கதையும் விதியும் ஒட்டிப் பிணைந்திருக்கும் வகையில் முதல் ஆட்டத்துக்கு அடுத்த இடத்தை இதற்கே கொடுப்பேன்.

வளர்ந்தால் தண்டனை

ரெலிக் மீண்டும் கையிலெடுத்த ஹோம்வேர்ல்ட் 2, 2003 செப்டம்பரில் வந்தது. தாயகம் மீண்டும் ஆபத்தில். மக்கான் என்பவனின் தலைமையில் வேகிர் படைகள் ஹீகராவை நெருங்குகின்றன. பண்டைய முன்னோடிகள் விட்டுச்சென்ற மூன்று ஹைப்பர்ஸ்பேஸ் உள்ளகங்களும் ஒன்று சேர்ந்தால் ஒரு மாபெரும் கப்பல் விழித்தெழும் என்ற தீர்க்கதரிசனம் கதையை நடத்துகிறது. கரான் புதிய தாய்க்கப்பலோடு மறுபடி இணைகிறாள்.

பார்க்க இது முதல் ஆட்டத்தைவிட அழகானது. கப்பல்களின் துணை அமைப்புகளைத் தனித்தனியே குறிவைக்கலாம் என்பது போன்ற நல்ல புதுமைகளும் உண்டு. படையும் மிஷனுக்கு மிஷன் தொடர்கிறது. ஆனால் அந்த விதியின் உயிரை இரண்டு மாற்றங்கள் வாங்கிவிட்டன. ஒன்று, மிஷன் முடிந்ததும் மிச்சமிருக்கும் வளம் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். வசதிதான். ஆனால் கிளம்பவும் மனமில்லாமல் தங்கவும் பயந்து காத்திருக்கும் அந்த அகதிப் பொழுது இதனால் இல்லாமல் போனது. இரண்டாவது பெரியது. நீங்கள் கொண்டுவரும் படையின் பலத்துக்கு ஏற்ப எதிரியின் படையும் பெருகும். கண்ணுங்கருத்துமாகப் படையைக் காத்தவருக்கு அடுத்த மிஷனில் இரட்டிப்பு எதிரி. இதைக் கண்டுகொண்ட ஆட்டக்காரர்கள் பாய்ச்சலுக்கு முன் தங்கள் கப்பல்களைத் தாங்களே கலைத்துவிடத் தொடங்கினார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது, விதியை ஒழுங்காகப் படித்தவர்கள் அவர்கள்.

அந்த மாற்றத்துக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. தொடரும் படை என்பது வடிவமைப்பாளருக்குப் பெரிய தலைவலி. நான்காவது மிஷனில் தடுமாறியவர் பத்தாவது மிஷனில் கரையேற முடியாமல் சிக்கிக்கொள்வார். நன்றாக ஆடியவருக்கோ பின்பாதி முழுக்க எளிதாகிவிடும். இரண்டு பேருக்கும் ஒரே அளவு சவால் வைக்க வேண்டும் என்று நினைத்தால் எதிரியை அளந்து கொடுப்பதுதான் முதலில் தோன்றும் வழி. ஆனால் அதன் விலையைக் கதை கட்டுகிறது. கிளிண்ட் ஹாக்கிங் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2007இல் பயோஷாக் ஆட்டத்தைப் பற்றி எழுதியபோது, கதை சொல்லும் நெறியும் விதிகள் பழக்கும் நெறியும் ஒன்றையொன்று மறுக்கும் நிலையைச் சுட்டி, அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார். ஹோம்வேர்ல்ட் 2 அந்த நிலைக்கு நல்ல சான்று. ஒவ்வொரு உயிரும் முக்கியம் என்று கதை சொல்கிறது. உன் ஆட்களைக் குறைத்துக்கொள் என்று விதி சொல்கிறது. ஆடுபவர் விதியைத்தான் நம்புவார், ஏனென்றால் தோற்கடிப்பது விதிதான்.

தீர்க்கதரிசனக் கதையின் சிக்கலும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மூன்று உள்ளகங்கள் ஒன்றுசேர்வது விதிக்கப்பட்டது என்றால் நம் படையின் கதி எதையும் மாற்றாது. கடைசியில் காரக்கை எரித்த அதே வகை ஆயுதங்கள் ஹீகராவை நோக்கி வரும்போது பதற்றம் திரும்புகிறது. அந்தப் பதற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆட்டத்தின் மூன்றாவது மிஷனிடமிருந்து கடன் வாங்கியது.

முன்பே தெரிந்த முடிவு

அதன் பிறகு நீண்ட இடைவெளி. ஹோம்வேர்ல்டின் உரிமை 2013இல், திவாலான டிஎச்க்யூ நிறுவனத்தின் ஏலத்தில் கியர்பாக்ஸின் கைக்கு வந்தது. 2015இல் முதல் இரண்டு ஆட்டங்களும் ரீமாஸ்டர்டு வடிவில் வெளிவந்தன. படங்கள் மெருகேறின. ஆனால் முதல் ஆட்டம் இரண்டாவதன் எஞ்சினுக்குள் புகுத்தப்பட்டதால் எரிபொருள் விதி காணாமல் போனது. காதேஷ் போர் பார்க்க அதேபோல இருந்தாலும் அதன் எலும்பில் ஒன்று குறைந்தது. ஒரு விதியை எடுத்தால் அதன்மேல் நிற்கும் கதையும் சற்றுச் சரியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

2016 ஜனவரியில் டெசர்ட்ஸ் ஆஃப் காரக் வந்தது. உருவாக்கிய பிளாக்பேர்ட் நிறுவனத்தை முதல் ஹோம்வேர்ல்டில் பணியாற்றிய ராப் கன்னிங்ஹாம் போன்றவர்கள் தொடங்கியிருந்தார்கள். கதை முதல் ஆட்டத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால், காரக்கின் மணலிலேயே நடக்கிறது. விண்வெளித் தொடர் ஒன்று தரைக்கு வந்ததைப் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆடிப் பார்த்தால், தொடரின் ஆதார விதியை நன்றாகப் புரிந்துகொண்ட ஆட்டங்களில் இதுவும் ஒன்று என்று தெரியும்.

காப்பிசி என்ற மாபெரும் தரைக்கப்பல் இங்கே தாய்க்கப்பலின் இடத்தில் இருக்கிறது. அது மணலில் ஊர்ந்து போகும், போரிடும், சூடேறும். கவசத்துக்கும் தாக்குதலுக்கும் பழுதுபார்ப்புக்கும் எவ்வளவு ஆற்றலைத் திருப்புவது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். அதிகமாகத் திருப்பினால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். பாலைவனத்தின் தகிப்பு வசனத்தில் வருவதற்கு முன்பே அந்த அளவுமானியில் வந்துவிடுகிறது. வண்டிகள் மிஷனுக்கு மிஷன் தொடர்கின்றன, அனுபவமும் பெறுகின்றன. மணல் மேடுகள் பார்வையை மறைக்கின்றன. விண்வெளி ஆட்டத்தில் இல்லாத நிலவியலை இங்கே போரின் இலக்கணமாக்கியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஆட்டத்தின் ஆழமான பலம் வேறிடத்தில் இருக்கிறது. ரேச்சல் ஸ்ஜெட் என்ற விஞ்ஞானி பெரும் பாலைவனத்துக்குள் அந்தப் புதையுண்ட விண்கலத்தைத் தேடிப் போகிறாள். வழிமறிப்பவர்கள் கால்சியன் குலத்தார். வானத்தை நாடினால் கடவுளின் சினம் வரும் என்று நம்பும் மதப்பற்றாளர்கள். முதல் ஆட்டத்தை ஆடியவருக்கு ஒன்று தெரியும்: அவர்கள் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம், அவர்கள் அஞ்சும் முடிவு நடக்கத்தான் போகிறது. ரேச்சல் வென்றால் கல் கிடைக்கும். கல் கிடைத்தால் தாய்க்கப்பல் எழும். தாய்க்கப்பல் எழுந்தால் காரக் எரியும். ஆடுபவர் ஒவ்வொரு மிஷனையும் முழுத் திறமையோடு வென்று, தன் வெற்றியாலேயே அந்தத் தீயை ஓரடி நெருங்க வைக்கிறார். இந்த அனுபவத்தை நாவல் தர முடியாது. நாவலில் நாம் ரேச்சலைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே அவளுக்காகப் பாதை வெட்டுவது நாம்.

முகங்களிடம் ஒப்படைத்த கதை

அதே பிளாக்பேர்ட் 2024 மே மாதத்தில் ஹோம்வேர்ல்ட் 3ஐக் கொண்டுவந்தது. கரான் மறைந்து நெடுங்காலம் கழித்து, இமோஜென் ஸ்ஜெட் என்ற இளம்பெண் அவளுடைய இடத்துக்கு வருகிறாள். விண்வெளியில் மிதக்கும் மாபெரும் இடிபாடுகளின் மறைவில் கப்பல்களை ஒளித்துப் போரிடலாம். முப்பரிமாண வெறுமைக்கு நிலவியல் கொடுத்த இந்த முயற்சி மதிக்கத்தக்கது.

கதையைச் சொல்ல இந்த ஆட்டம் பெரிதும் நம்புவது முகங்களை. இமோஜெனும் எதிரியான இன்கார்னேட் அரசியும் மனவெளியில் எதிரெதிரே நின்று பேசும் காட்சிகள் கதையின் முதுகெலும்பாக வைக்கப்பட்டிருக்கின்றன. அரசி ஏன் இப்படி ஆனாள், கரானோடு அவளுக்கு என்ன உறவு என்பதெல்லாம் பேசிப் பேசியே தீர்க்கப்படுகின்றன. அந்தக் காட்சிகள் ஓடும்போது நம் படை எங்கோ காத்துக்கிடக்கிறது. எத்தனை கப்பல்களோடு வந்தோம், எவற்றை இழந்தோம் என்பதற்கும் அந்த உரையாடல்களுக்கும் தொடர்பே இல்லை. முதல் ஆட்டத்தில் எதிரிப் பேரரசனை நாம் அறிந்தது மிகக் கொஞ்சம். ஆனாலும் அவன் செய்த கொடுமையை ஒவ்வொரு மிஷனிலும் சுமந்து போனோம். மூன்றாவதில் எதிரியை நெருக்கமாக அறிகிறோம். சுமக்க மட்டும் எதுவும் இல்லை.

இதே ஆட்டத்தில் ‘வார் கேம்ஸ்’ என்று இன்னொரு பகுதி உண்டு. மூன்று பேர் வரை சேர்ந்து, அடுத்தடுத்த களங்களுக்குப் படையோடு பாய்ந்து, வழியில் கிடைக்கும் மேம்பாடுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகலாம். அங்கே கதை என்று பெரிதாக எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அடுத்த பாய்ச்சலுக்கு எது மிஞ்சும் என்ற கேள்வி அங்கே உயிரோடு இருக்கிறது. தொடரின் ஆதார விதி அதன் மையக் கதையைவிட்டு வெளியேறி அங்கே குடிபோயிருக்கிறது.

தீர்ப்பு

காட்சிகளே வேண்டாம், வசனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் ஆட்டத்தில் கரானின் குரலும் பார்பரின் இசையும் இல்லாவிட்டால் காரக்கின் தீ இவ்வளவு சுட்டிருக்காது. கடைசியில் மக்கள் எல்லாரும் இறங்கிய பிறகே தான் ஹீகராவின் மண்ணில் கால்வைப்பேன் என்று கரான் பிடிவாதம் பிடித்ததாக வரும் முடிவுரை வெறும் கதைசொல்லல்தான். ஆனாலும் அது பலிக்கிறது. படையை ஒற்றைக் கப்பலும் விடாமல் காத்துக் கொண்டுவந்த ஆட்டக்காரர் 16 மிஷன்களாகச் செய்ததும் அதே காரியம்தான். பாத்திரமும் ஆடுபவரும் ஒரே செயலில் சந்திக்கும் இடம் அது.

வியூக விளையாட்டுக்குக் கதை எழுதுகிறவர்கள், தமிழில் இப்போது எழுதத் தொடங்கியிருப்பவர்கள் உட்பட, இந்தத் தொடரிலிருந்து ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். வசனத்தை எழுதும் முன், கதையின் மையத் துயரம் எது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். பிறகு அந்தத் துயரத்தை ஆடுபவர் எந்த விதியின் வழியாக அனுபவிப்பார் என்று கேளுங்கள். ‘வீட்டை இழந்தவர்கள் மிஞ்சியதைக் காக்கிறார்கள்’ என்ற வரிக்கு ரெலிக் கண்ட விடை, மிஞ்சிய கப்பல்கள் அடுத்த மிஷனுக்குத் தொடரும் என்பது. 1999இல் எழுதிய அந்த ஒரு விதி, அதன் பிறகு வந்த நான்கு ஆட்டங்களின் வசனங்கள் அத்தனையையும்விட அதிகம் சொல்லியிருக்கிறது.